நின்றுபோன பைக்குக்குள் என்னதான் நடக்கிறது?

"மாமா, பைக் டெட். பேட்டரி மாத்தியும் டெட்."

அக்கா மகன் அனுப்பிய குரல் செய்தி. அவனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான 2பி உரிமம் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவனுடைய பெரியப்பா முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டார். அவருடைய பழைய 200 சிசி வண்டி வருடாந்தரச் சோதனைக்குப் போய்வந்ததோடு சரி. சிங்கப்பூரின் ஈசூனில் அவர் புளோக்கை ஒட்டிய பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில், நாலாவது தளத்தில், தூண் ஓரமாக, பதினோரு மாதம் உறை போர்த்தியபடி நின்றது. அடுத்த சோதனைக்கு நாள் நெருங்கியபோதுதான் "நீயே எடுத்து ஓட்டுடா" என்று சாவியைக் கொடுத்தார். பையன் 90 வெள்ளிக்குப் புதுப் பேட்டரி வாங்கி மாட்டினான். அப்புறம்தான் எனக்கு அந்தச் செய்தி.

'டெட்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் பல கோளாறுகளுக்குப் பெயர் வைத்துவிடுகிறோம். பேட்டரி இறங்கினாலும் டெட், காற்றில் பெட்ரோலைக் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் அடைத்தாலும் டெட், பக்க ஸ்டாண்டில் இருக்கும் சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் டெட். கோப்பிக் கடையில் கேட்டால் ஒருவர் "பிளக்கை மாத்து" என்பார். அடுத்தவர் "கார்புரேட்டரைக் கழுவு" என்பார். மூன்றாமவர் "இன்ஜின் போச்சு, ஸ்கிராப் பண்ணிடு" என்று தே தாரிக்கை உறிஞ்சியபடியே தீர்ப்பு சொல்லிவிடுவார். மூவரில் ஒருவர்கூட வண்டியைப் பார்த்திருக்கமாட்டார்.

வண்டியைப் பிரித்துப் பூட்டச் சொல்லிக்கொடுப்பது என் நோக்கமில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள் என்ன மாறுகிறது, அதனால் ஸ்டார்ட் ஆகும்போது எது குறைகிறது என்பதுதான் விஷயம். அது புரிந்தால் எதை முதலில் பார்ப்பது என்று உங்களுக்கே தெரியும். ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகிறீர்கள் என்றாலும், என்ன சொல்லிக் கேட்பது என்றாவது தெரியும்.

சுற்றவில்லையா, பிடிக்கவில்லையா?

கேஸ் அடுப்பின் குமிழைத் திருகுகிறீர்கள். 'டக் டக்' என்ற சத்தமே வரவில்லை என்றால் அது ஒரு கோளாறு. டக் டக் வருகிறது, தீ மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கோளாறு. முன்னதற்கு கேஸ் குழாயை ஆராய்ந்து பயனில்லை. பின்னதற்குப் பொறி உண்டாக்கும் பேட்டரியை மாற்றிப் பயனில்லை.

பைக்கும் இப்படித்தான். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் ஸ்டார்ட்டர் மோட்டார் என்ற சின்ன மின்மோட்டார் இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. முன்பெல்லாம் கிக் அடித்துக் காலால் செய்த வேலை அது. சுற்றிவிட்ட இன்ஜின் தானே எரியத் தொடங்கித் தன் பலத்தில் ஓட ஆரம்பிப்பதைத்தான் 'பிடிச்சிருச்சு' என்கிறோம். சுற்றுவது ஒரு வேலை, பிடிப்பது இன்னொரு வேலை. முதல் வேலை மின்சாரத்தோடு முடிந்துவிடும். இரண்டாவதற்குத்தான் பெட்ரோல், காற்று எல்லாம் வேண்டும்.

ஆகவே முதல் சோதனைக்கு ஸ்பேனர் வேண்டாம், காது போதும். பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே கேட்கவில்லையா, 'டிக் டிக்' மட்டும் கேட்கிறதா, 'ருர்ர் ருர்ர்' என்று சுற்றும் சத்தம் கேட்கிறதா? நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா மகன் பொத்தானை அழுத்திக் காட்டினான். புதுப் பேட்டரி அல்லவா, ருர்ர்ர் என்று அருமையாகச் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை.

"பாத்தீங்களா மாமா, டெட்" என்றான்.

சுற்றுகிற வண்டியை டெட் என்று சொல்லாதே என்று அவனுக்குச் சொன்னதுதான் அன்றைய முதல் பாடம்.

ஒன்றுமே கேட்காவிட்டால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹேண்டிலில் இருக்கும் சிவப்பு இன்ஜின் சுவிட்ச் அணைந்திருக்கலாம். பக்க ஸ்டாண்ட் இறங்கியிருக்கலாம், அல்லது அதன் சுவிட்ச் துரு ஏறி ஒட்டியிருக்கலாம். சில வண்டிகளில் கிளட்ச் பிடித்தால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். ஃபியூஸ் போயிருக்கலாம். பேட்டரி முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கலாம். இவை ஐந்தையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது, காசும் செலவில்லை. இருந்தும் பலர் கடைசியில்தான் இவற்றைப் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன், வெட்கத்தோடு.

பேட்டரி 12 காட்டுகிறதே?

'டிக் டிக்' மட்டும் கேட்டால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இங்கேதான் ஒரு பெரிய குழப்பம் வரும். மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் காட்டும். "12 வோல்ட் பேட்டரிதானே, 12 இருக்கு, அப்போ நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள்.

பழைய கைப்பேசி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். திரையில் 40 விழுக்காடு காட்டும். கேமராவைத் திறந்ததும் பொட்டென்று அணைந்துவிடும். சும்மா இருக்கும்போது காட்டிய எண்ணுக்கும், வேலை கொடுத்தால் தாங்கும் சக்திக்கும் தொடர்பு விட்டுப்போயிருக்கும். பைக் பேட்டரியும் இதே ரகம்.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்ற அளவு. ஹெட்லைட்டுக்கு 3, 4 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஒரே இழுப்பில் சில பத்து ஆம்பியரைக் கேட்கும். விளக்கு பளிச்சென்று எரிகிற பேட்டரி ஸ்டார்ட்டருக்குக் கைவிரிப்பது அதனால்தான். 'டிக் டிக்' சத்தம் ரிலேயிடமிருந்து வருகிறது. சின்ன மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தின் கதவைத் திறக்கும் சுவிட்ச் அது. அது கதவைத் திறந்ததும் ஸ்டார்ட்டர் முழு மின்சாரத்தையும் இழுக்கிறது, பேட்டரி தொய்கிறது, ரிலேயைப் பிடித்துவைக்கக்கூட அழுத்தம் இல்லாமல் கதவு மூடிக்கொள்கிறது. மூடியதும் பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கும், மறுபடி திறக்கும். டிக், டிக், டிக்.

முழுதாக ஏற்றிய ஈயப் பேட்டரி, ஓய்வில் 12.7 வோல்ட் அளவில் காட்டும். 12.0 என்றால் அநேகமாகக் காலி. 'பன்னிரண்டு இருக்கிறது' என்பது நல்ல சேதி இல்லை. நம் ஊர் வெப்பத்தில் பேட்டரி சும்மா இருந்தாலே தானாக இறங்கும். இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியான படிகமாகப் படிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சார்ஜ் போட்டால் எண் ஏறும், சக்தி திரும்பாது. அதனால் சார்ஜ் ஏற்றிவிட்டு, பொத்தானை அழுத்தியபடியே மீட்டரைப் பாருங்கள். சுற்றும்போதும் 10 வோல்ட்டுக்கு அருகில் நின்றால் பேட்டரி தாங்குகிறது. 7, 8 என்று சரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இதுவரை சொன்னதை ஒரு வரியில் நினைவில் வையுங்கள்: சுற்றவில்லை என்றால் பேட்டரியும் சுவிட்சுகளும், சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் இனி வரப்போகும் சங்கதிகள்.

இன்ஜின் கேட்கும் நாலு

எரிபொருள் ஆவி, காற்று, பொறி, அழுத்தம். இந்த நாலும் சரியான நேரத்தில் சேர்ந்தால் எந்தப் பெட்ரோல் இன்ஜினும் பிடிக்கும். ஒன்று குறைந்தாலும் பிடிக்காது.

டாக்டர் ஊசி போடும் சிரிஞ்சை மனத்தில் கொண்டு வாருங்கள். பின்னால் இழுத்தால் உள்ளே உறிஞ்சும். முனையை விரலால் அடைத்துக்கொண்டு தள்ளினால் உள்ளே இருக்கும் காற்று நெரியும். இன்ஜினில் அந்தக் குழாய்க்கு சிலிண்டர் என்று பெயர், உள்ளே மேலும் கீழும் போய்வரும் தண்டுக்கு பிஸ்டன். பிஸ்டன் கீழே போகும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது. மேலே வரும்போது அதை அழுத்துகிறது. அழுத்திய கணத்தில் ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது, கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலே வரும்போது புகையை வெளியே தள்ளுகிறது. பிஸ்டனின் நாலு ஓட்டத்தில் ஒருமுறை எரிகிறது. 'ஃபோர் ஸ்ட்ரோக்' என்ற பெயர் இதனால் வந்தது. நிமிடத்துக்கு 1,400 சுற்றில் சும்மா நின்று உறுமும் ஒற்றை சிலிண்டர் வண்டிக்குள் இது நிமிடத்துக்கு 700 தடவை நடக்கிறது. நொடிக்குக் கிட்டத்தட்ட 12.

பொறி இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மாட்டி, உடல் பகுதி இன்ஜின் உலோகத்தைத் தொடும்படி வைத்துச் சுற்றிவிட்டால் முனையில் நீலமாகச் சுண்டும். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அதைத் தாண்ட 10,000 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும், ஆகவே கை வைக்காதீர்கள். பிளக் இருந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், அதனால் பொறி விடும் முனையை அந்தத் துளைக்குத் தள்ளியே வையுங்கள். அழுத்தம் இருக்கிறதா என்பதற்கு, பொறி சோதனை முடிந்து பிளக் தொப்பியை ஒதுக்கி வைத்த பிறகு, இன்ஜின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு இன்னொருவரை வண்டியைக் கியரில் போட்டுத் தள்ளச் சொல்லலாம். விரலைப் 'புஸ்' என்று தள்ளிவிட்டால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா மகன் வண்டியில் பொறி பளிச்சென்று இருந்தது. விரலையும் தள்ளியது. காற்று வழியைத் திறந்தோம். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் இரண்டு பல்லி முட்டை ஒட்டிக்கொண்டிருந்தன, ஆனால் வழி அடைக்கவில்லை. மிச்சம் இருந்தது எரிபொருள்.

எண்ணெய்க்கும் வயது உண்டு

நம் ஊரில் பெட்ரோல் போடுவதை 'எண்ணெய் ஊத்துறது' என்றுதான் சொல்லிப் பழக்கம். இன்ஜின் ஆயிலைப் பெரியவர்கள் கறுப்பெண்ணெய் என்பார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால், சமையலறை எண்ணெய் மாதிரி பெட்ரோலும் டின்னில் கிடந்தால் கிடக்கும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

பெட்ரோல் ஒரே பொருள் கிடையாது. பல வகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் சில மிக லேசானவை, சட்டென்று ஆவியாகிவிடும். சில கனமானவை, அசைந்துகொடுக்காது. திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. ஆறிக் கிடக்கும் இன்ஜின் பிடிப்பதற்கு அந்த லேசான பகுதிதான் கைகொடுக்கும். அத்தர் பாட்டிலை மூடாமல் வைத்தால் வாசம் முதலில் போய், அடியில் பிசுக்கு மிஞ்சும் இல்லையா? நின்ற வண்டியில் நடப்பதும் அதுதான். லேசானவை பறந்துவிடுகின்றன. மிஞ்சியது காற்றோடு சேர்ந்து மாறிப் பிசின் ஆகிறது. அந்தப் பிசின் உலர்ந்தால் வார்னிஷ் பூசியது போலப் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும்.

டாங்கில் நிறைய பெட்ரோல் மூடியோடு இருக்கும்போது இது மெதுவாக நடக்கும். ஆனால் கார்புரேட்டருக்குள் நிற்பது சில மேசைக்கரண்டிதான், அதுவும் காற்றோட்டத்தோடு. அங்கே வேகமாக நடக்கும். டாங்கில் பெட்ரோல் மணம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் வண்டி பிடிக்கவில்லை என்ற புதிருக்கு விடை இதில் இருக்கிறது.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்ன வடிகால் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, கண்ணாடி ஊறுகாய் பாட்டில் ஒன்றில் பிடித்தோம். வந்தது பாலில்லாத தே ஓ நிறத்தில் இருந்தது. பையன் மூக்கைச் சுளித்தான். பெட்ரோல் வாடையே இல்லை, பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு புளித்த நாற்றம். பாட்டிலின் அடியில் தண்ணீர் ஒரு சொட்டு தனியாக உருண்டுகொண்டிருந்தது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அது எப்போதும் அடிக்குப் போகும். ஈரக் காற்றுள்ள நம் ஊரில், பாதி காலியான டாங்கின் உட்சுவரில் இரவு குளிரும்போது ஈரம் வேர்த்து இறங்குவதால் வருவது அது. டாங்க் துருப்பிடிப்பதும் அதனால்தான்.

அந்தப் பழைய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றிவிடலாமா என்றான். கூடவே கூடாது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, வடிகாலில் போவது நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. பழைய எண்ணெயை எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்தோம்.

ஸ்ட்ரா, மிதவை, ஊசித்துளை

இனி கார்புரேட்டர். பெயரைக் கேட்டாலே பலருக்குப் பயம். உள்ளே நடப்பதோ மூன்று சாதாரண விஷயம்தான்.

ஒரு குவளைத் தண்ணீரில் ஸ்ட்ராவைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் மேல்முனைக்குக் குறுக்கே இன்னொரு ஸ்ட்ராவால் பலமாக ஊதுங்கள். தண்ணீர் தானே ஏறி, சிதறித் தூவும். வேகமாகப் பாயும் காற்று அந்த முனையில் அழுத்தத்தைக் குறைக்கிறது, கீழிருந்து திரவம் ஏறுகிறது. கார்புரேட்டர் அடிப்படையில் இதுதான். நாம் ஊதுகிறோம், இன்ஜின் உறிஞ்சுகிறது, அது ஒன்றே வித்தியாசம். காற்று இடுக்கான கழுத்து வழியே பாயும்போது வேகமெடுத்து, அடியில் இருக்கும் பெட்ரோலை இழுத்துத் தூவிக்கொண்டு சிலிண்டருக்குள் போகிறது. அளவும் முக்கியம்: 1 கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும்.

அடியில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கழிவறைத் தொட்டியில் பார்த்த அதே ஏற்பாடு. மட்டம் ஏறினால் மிதவை ஏறி ஊசியால் வழியை மூடும், இறங்கினால் திறக்கும். நாம் வடித்தது இந்தக் கிண்ணத்தைத்தான். வண்டி நின்றபடியே குழாய் வழியாகப் பெட்ரோல் ஒழுகினால் இந்த ஊசி சரியாக மூடவில்லை என்று பொருள்.

மூன்றாவது, ஜெட். பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும், துளையிட்ட சின்னப் பித்தளைத் திருகு. ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது வேலை செய்வது மெயின் ஜெட். முறுக்காமல் நிற்கும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் வேலை செய்வது பைலட் ஜெட். இதன் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பிசின் எங்கே முதலில் அடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பால் பொங்கி வழிந்த அடுப்பில் எந்த ஓட்டை முதலில் அடைகிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பைலட் ஜெட்டைக் கழற்றி, கார் நிறுத்துமிடத்தின் திறந்த ஓரத்துக்குப் போய் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். இருட்டு. பையனிடம் கொடுத்தேன், ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

"ஓட்டையே இல்ல மாமா."

கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி ஊறவிட்டு, மின்கம்பியிலிருந்து ஒரே ஒரு செப்பு இழையை உருவி மெதுவாக நுழைத்தோம். குண்டூசியும் இரும்புக் கம்பியும் வேண்டாம். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் அவ்வளவுதான். கால் மணி நேரம் பொறுமை. மறுபடி பிடித்தபோது ஊசிமுனை அளவு ஒரு வெளிச்சப் புள்ளி, எதிர் புளோக்குக்கு மேலே தெரிந்த வானத்திலிருந்து. பதினோரு மாதம் நின்ற வண்டி பிடிக்காமல் போனதற்குக் காரணம் அந்தப் புள்ளி அளவுதான். பையன் அதைக் கைப்பேசியில் படமெடுக்க முயன்றான், சரியாக விழவில்லை.

சோக் சொல்லும் சேதி

ஜெட்டைக் கழற்றாமலே இந்த முடிவுக்கு வந்திருக்க முடியுமா? ஓரளவு முடியும். சோக் என்பது ஆறிய இன்ஜினுக்குக் கலவையில் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும் ஏற்பாடு. 'குளிர் நாட்டுக்குத்தான் சோக், நமக்கெதுக்கு' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 28 டிகிரி கூட, ஓடிச் சூடான இன்ஜினோடு ஒப்பிட்டால் குளிர்தான்.

சோக் போட்டால் பிடிக்கிறது, எடுத்தால் உடனே நின்றுவிடுகிறது என்றால் பைலட் ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். சோக் தரும் கூடுதல் பெட்ரோல் அந்த அடைப்பை மூடிமறைக்கிறது. பலர் இந்தக் கட்டத்தில் 'ஸ்டார்ட் ஆயிருச்சு' என்று மகிழ்ந்து சோக்கோடு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். பிளக் கரியாவதுதான் மிச்சம்.

புது வண்டிகளில் கார்புரேட்டர் கிடையாது. இங்கே 200 சிசிக்கு மேற்பட்ட புது மோட்டார் சைக்கிள்களுக்கு 2018லும், அதற்குக் குறைந்தவற்றுக்கு 2020லும் யூரோ 4 புகை விதி வந்தது. இப்போதைய புது வண்டிகள் இன்ஜெக்‌ஷன் ரகம்: டாங்குக்குள் ஒரு பம்ப், கணினி சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஒரு முனை. சாவியைத் திருப்பியதும் இரண்டு நொடி 'ஸ்ஸ்' என்று கேட்பது அந்த பம்ப். அது கேட்கவில்லை என்றால் அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். இவற்றில் பெட்ரோல் கிண்ணம் இல்லாததால் பிசின் தொல்லை குறைவு, ஆனால் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் பேட்டரி தொய்ந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கஷ்டம்.

மறுபடி ஒரு நிறுத்தம். பொறி, காற்று, அழுத்தம் சரியாக இருந்து வண்டி பிடிக்கவில்லை என்றால் எரிபொருள் வழி. நின்ற கார்புரேட்டர் வண்டியில் சந்தேகப் பட்டியலின் உச்சியில் பழைய பெட்ரோலும் பைலட் ஜெட்டும்.

பொத்தானை அழுத்தும் முன்

உண்மையில் இது முதலில் வந்திருக்க வேண்டும். மேலே உள்ளதைப் படிக்காமல் இதைச் சொன்னால் காரணம் புரியாது என்பதால் தள்ளி வைத்தேன்.

நீண்ட நாள் நின்ற வண்டியில் சிலிண்டரின் சுவரில் எண்ணெய்ப் படலம் வடிந்து, துரு லேசாகப் பூத்திருக்கலாம். எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டன் அந்தத் துருவின் மேல் உரசும். அதனால் பிளக்கைக் கழற்றி, துளை வழியே ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகக் கறுப்பெண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து, வண்டியை மேல் கியரில் போட்டு மெல்ல முன்னே தள்ளுங்கள். பின்சக்கரம் இன்ஜினைச் சுற்றும். தடையில்லாமல் சுற்றினால் நிம்மதி. கல் மாதிரி நின்றால் வலுக்கட்டாயம் செய்யாமல் கைதேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

பிறகு இன்ஜினில் ஆயில் மட்டம் காட்டும் சின்னக் கண்ணாடியைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போலத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. மாற்றாமல் ஓட்டக் கூடாது. பெட்ரோல் வேலையைக் காற்றோட்டமான இடத்தில் மட்டும் செய்யுங்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்தில் யாராவது புகைபிடித்துக்கொண்டிருந்தால் முதலில் அவரை அனுப்பிவையுங்கள்.

"வாரம் ஒருமுறை அஞ்சு நிமிஷம் ஓடவிட்டா போதும்"

பெரியப்பா சொன்னது இது. தனக்கு முழங்கால் வலி, இல்லாவிட்டால் அப்படிச் செய்திருப்பேன் என்றார். இந்த யோசனையைச் சொல்லாத ஆளே இல்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடிச் சூடான வண்டியில் அது புகைக்குழாய் வழியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை, அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி புகைக்குழாயிலும் ஆயிலிலும் தங்கிவிடும். பேட்டரியோ, ஸ்டார்ட்டர் ஒருமுறை இழுத்ததைக்கூட அந்த ஐந்து நிமிட உறுமலில் திரும்பப் பெறுவது சந்தேகம். போதாக்குறைக்கு, போக்குவரத்துக் காரணமில்லாமல் நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றம்.

ஓட்டுவதாக இருந்தால் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஓட்ட முடியாது என்றால் டாங்கை நிரப்பி, பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போய் மாதம் ஒருமுறை காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள்; கார் நிறுத்துமிடத்தில் பிளக் பாயிண்ட்டா இருக்கிறது? இந்த வேலைக்கு மொத்தம் 20 நிமிடம் ஆகும்.

செலவு செய்யும் முன் ஒரு தேதி

பைக்குகளுக்கான டி பிரிவு சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்து வருட உரிமச் சான்றிதழ், 2022ல் 10,000 வெள்ளியைத் தாண்டியதிலிருந்து பழைய வண்டிகளுக்கு மவுசு கூடியிருக்கிறது. புதிதாக வாங்கும் காசில் கிடக்கிற ஒன்றை எழுப்பிவிடலாமே என்ற கணக்கு. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சிஓஇயின் பத்து வருடம் ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு பதிவுத் தேதியையும் பாருங்கள். 2003 ஜூலை 1க்கு முன் பதிவான சாதாரண மோட்டார் சைக்கிள்களை 2028 ஜூன் 30க்குப் பிறகு இங்கே சாலையில் ஓட்ட முடியாது. அப்படிப்பட்ட வண்டிக்கு இன்ஜின் வேலை பார்ப்பதா என்பதை அந்தத் தேதியை வைத்து முடிவு செய்யுங்கள்.

பிடித்த பிறகு

புதுப் பெட்ரோல், சுத்தமான ஜெட், புதுப் பிளக். சோக்கை இழுத்து அக்கா மகன் பொத்தானை அழுத்தினான். இரண்டாவது முயற்சியில் இருமி, மூன்றாவதில் பிடித்தது. சிலிண்டருக்குள் விட்ட எண்ணெய் எரிந்து வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து அடங்கியது. சோக்கை உள்ளே தள்ளினான், நிற்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உடனே தலைக்கவசத்தை எடுத்தான்.

"இரு. பிரேக்கைப் பிடிச்சுப் பாரு."

முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கியது. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. தர விதிப்படி டாட் 4 ரகத் திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். பிரேக் சூடாகும் நேரத்தில் அது கொதித்தால் குமிழி உண்டாகும், லீவர் சும்மா அமுங்கும், வண்டி நிற்காது. இதை நானும் அவனும் கார் நிறுத்துமிடத்தில் செய்யப்போவதில்லை, ஒர்க்‌ஷாப் வேலை.

பிறகு குனிந்து பின் டயரின் பக்கவாட்டைக் கைப்பேசி வெளிச்சத்தில் தேடச் சொன்னேன். DOT (டாட்) என்ற எழுத்துகளுக்குப் பின்னால், கடைசியில், நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். துணியால் துடைத்துவிட்டு வாசித்தான்: "1416." 2016ஆம் ஆண்டின் 14வது வாரம். ரப்பரில் நகத்தால் அழுத்தினால் சின்னச் சின்ன வெடிப்புகள் விரிந்தன.

"ஒரு ரவுண்டு மட்டும், மாமா? கீழ் தளம் வரைக்கும்?"

இன்ஜினை அணைத்தான். காக்கி புக்கிட் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை ஏற்றிப் போக லாரிக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்துக்கொண்டே, தள்ளிக்கொண்டு போய் அதே தூண் ஓரத்தில் நிறுத்தி உறையைப் போர்த்தினான்.